கையில வாரேன்

"அது என்னோட வார்த்தை. நீ எப்படிச் சொல்லலாம்?"

"உன்ற வார்த்தையா? அதுல உன்ற பேரு எழுதியிருக்குதா?"

"நாந்தான் செஞ்சேன். எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"போடி. எங்க கிளி எனக்குக் குடுத்துது. ஓசூருல என்ற சித்தப்பா பையனுக்கும் குடுத்துது. எல்லாருக்கும் குடுத்துது. கையில வாரேன், கையில வாரேன், கையில வாரேன்! என்னடி பண்ணுவ?"

அடுத்துக் கேட்டது பளாரென்று ஓர் அறை.

நான் பின்வாசலில் களிமண் பிசைந்துகொண்டிருந்தேன். காலையில் புத்தகம் வாசித்து முடித்ததும் மண் வேலை, அது எங்கள் வீட்டு வழக்கம். மண் கையோடு வேலிக்கு ஓடினேன். வேலிக்கு இந்தப் பக்கம் என் மகள் தும்பை, ஐந்து வயது, மூச்சு வாங்க நின்றாள். அந்தப் பக்கம் எதிர் அடுக்ககத்துப் பையன் அதிரன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் உடனே அழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, இடது காதில் இருந்த பச்சைப் பொட்டு சொல்வதைக் கேட்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "அடிக்கிறது தப்பு தும்பை. உன் கோபத்தை வார்த்தையால சொல்லிப் பழகு."

அவள் அதுவரை வார்த்தையால்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்தப் பச்சைப் பொட்டுக்குச் சட்டத்தில் செவித்துணை என்று பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளி என்றுதான் சொல்கிறோம். இரண்டு வயதில் பிள்ளையின் காதில் வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடங்களை மூடிய பிறகு அதுதான் வாத்தியார், அதுதான் பாடம். பிள்ளை வாயைத் திறக்கும் முன்னால் சரியான வாக்கியம் காதுக்குள் வந்துவிடும். கிளி வைத்த பிள்ளைகள் பேசுவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம் நிற்பார்கள், கவனித்திருப்பீர்கள். கிளி சொல்லி முடிக்கட்டும் என்று நிற்கிற நிறுத்தம் அது.

அது வேண்டாம் என்றுதான் நானும் என் வீட்டுக்காரர் தண்டபாணியும் பொள்ளாச்சியை விட்டு ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த இயல்வழிக் குடியிருப்புக்கு வந்தோம். மண் பூசிய ஓட்டு வீடுகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும். இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குக் கிளியிலிருந்து விலக்கு உண்டு. திரை கிடையாது, விறகடுப்பு, கிணறு. பெற்றோரே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித்தர வேண்டும். காகிதப் புத்தகம் வெளியில் எங்கேயும் கிடைப்பதில்லை. இங்கே கூடை கூடையாகத் தருவார்கள். நூல், ஓலை, மண், சாயம் எல்லாம் வரும். தருவது கிளி செய்கிற அதே நிறுவனம். ஏதோ பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டோம். நாற்பது வயதுக்கு மேல் பிறந்த ஒரே பிள்ளை. அதன் மூளையை அதுவே வளர்த்துக்கொள்ளட்டும் என்ற ஆசை எங்களுக்கு.

இனி அந்த வார்த்தை. எங்கள் வீட்டுப் பேச்சில் விடிகாலையைக் காத்தால என்போம், அந்தி நேரத்தைப் பொழுதோட என்போம். தும்பை புத்தகத்தில்தான் முதல் தடவையாகக் 'காலையில்' என்று வாசித்தாள். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தாள். அன்று விளக்கேற்றும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "அம்மா, அப்பா கையில வந்துருவாரா?"

"என்ன கையில சாமி?"

"காத்தாலைக்குப் பேரு காலையில. காலுல நடந்து வேலைக்குப் போறோமில்ல, அதனால. அப்பறம் ஊட்டுக்கு வந்து கை கழுவி சோறு திங்கறோமில்ல, அதுக்குப் பேரு கையில."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் வெட்கப்பட்டு விட்டுவிடுவாள் என்று பயம். "ஆமாமா, கையில வந்துருவாரு" என்றேன். அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் ஓடிய வார்த்தை. தண்டபாணிக்குக்கூடச் சொல்லவில்லை. அவர் தென்னை ஏறும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், தோப்புத் தோப்பாக அலைகிறவர். இரண்டு பேரும் ஒருநாள் அவர் முன்னால் சொல்லி அவரைத் திகைக்க வைக்கலாம் என்று திட்டம் வேறு போட்டிருந்தோம்.

அறை விழுந்த அன்று தும்பை சந்தகை தின்னவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நீதான சொன்ன?" என்றாள்.

"சத்தியமா நான் சொல்லல கண்ணு."

"நான் உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன். நான் சொல்லல, நீயும் சொல்லலைன்னா அது எப்படி அதிரனுக்குப் போச்சு?"

ஐந்து வயதுக் கணக்கு. அதில் ஓட்டை இல்லை. என்னை ஒரு திருடியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அவள் தன் மண் பொம்மைகளிடம் போய் உட்கார்ந்தாள்.

பதில் அந்த வாரக் கடைசியில் தானாகவே எங்கள் வாசலுக்கு வந்தது. குடியிருப்பைப் பார்த்துக்கொள்ள நிறுவனம் மகிழ்நன் என்று ஒரு தம்பியைப் போட்டிருக்கிறது. பராமரிப்பாளர் என்று பதவிப் பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும், முகம் நிறையச் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் அக்கா, அண்ணா. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். புத்தகக் கூடையைத் தானே தூக்கி வருவார்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "காத்தாலயே வரலாம்னு பாத்தேனுங்க அக்கா. பாத்தாக்க, கையில ஆயிப்போச்சு!" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே சற்று நேரம் ஆனது.

"இந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

"என்னங்க அக்கா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நம்ம பாப்பாவோடதுதானுங்க. இந்த வருசத்துலயே பெரிய ஹிட்டு. எந்த ஊட்டுக்குப் போனாலும் புள்ளைக கையில வாரேன், கையில வாரேங்குதுக. அப்பனாத்தா மயங்கிக் கெடக்கறாங்க."

"பாப்பா உங்ககிட்டச் சொல்லவே இல்லியே."

"எங்கிட்ட எதுக்குங்க சொல்லோணும்? அதான் செவுரு கேட்டுக்குதுங்களே." பக்கத்துச் சுவரில் செல்லமாகத் தட்டினார், மாட்டின் முதுகைத் தட்டுவது போல.

மண் பூச்சில் செவிமணல் கலந்திருக்கிறதாம். கடுகில் கால்வாசி இருக்கும் ஒவ்வொரு மணலும் கேட்கும். சுவர் முழுக்க, தரை முழுக்க, வாசல் திட்டு வரைக்கும். சாணி போட்டு மெழுகி மெழுகி நான் அழகு பார்த்த சுவர். அதில் சாய்ந்துதான் அவளுக்குப் பால் கொடுத்தேன்.

"எங்ககிட்ட இத யாருமே சொல்லல."

"அய்யோ, சொல்லாம செய்வோமுங்களா? ஊடு கேட்புக்கு உட்பட்டதுன்னு முதல் நாளே தெளிவாச் சொன்னோமுங்களே."

"கேட்புன்னா நீங்க அப்பப்ப வந்து கேள்வி கேப்பீங்கன்னு நெனச்சோம்."

"வாயில கேக்கறதும் கேக்கறதுதான், காதுல கேக்கறதும் கேக்கறதுதானுங்களே அக்கா." திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. "அட! அம்மாளுக்கே ஒரு வார்த்தைய இப்படிப் பொரட்டிப் புரிஞ்சுக்க வருதுன்னா பாப்பாவுக்கு வராம எங்க போகும்? பரம்பரையாட்ட இருக்குது!"

பாராட்டுகிறாராம். நான் வைத்த சந்தகையைத் தின்றுகொண்டே பாராட்டினார். தேங்காய்ப்பால் வழிந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். இதே மனிதர் இதே போலச் சப்பியதைப் பார்த்து முன்பெல்லாம் என் சமையலுக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்திருக்கிறேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு அதில் ஒளிக்க எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

"கிளி வெச்ச புள்ளைக தப்பே பண்றதில்லீங்க அக்கா. மொதல்ல எல்லாருக்கும் சந்தோசம். அப்பறம் பாத்தா ஒரே பொகாரு. ஊடு நியூஸ் வாசிக்கற எடமாட்டம் இருக்குது, மழலையக் காணோம், கொஞ்சறதுக்கு ஒண்ணுமில்லைன்னு. சரின்னு எந்திரத்தையே மழல செய்யச் சொன்னோம். அதக் கேட்டா பெரியவங்களுக்கு ஒடம்பு கூசுதுங்க. என்ன மாயமோ, நெசப் புள்ள நெசமாத் தப்பு பண்ணுனாத்தான் சிரிப்பு வருது. அது இனி எங்க கெடைக்கும் சொல்லுங்க? இந்த மாதிரி ஊடுகள்லதான். இங்க எடுத்து, கிளிக்குக் குடுத்து, அது நேரம் பாத்து ஒவ்வொரு புள்ள காதுலயும் சொல்லும். அதுக்குத்தான் மழலைச்சுவைன்னு பேரு வெச்சிருக்கோம்."

"எங்க பொண்ணு பேசறத எடுத்து..."

"நீங்க பெருமப்படோணுமுங்க. எங்க ஆபீசுல பாப்பாவுக்கு என்ன பேரு தெரியுங்களா? ஊத்துக்கண்ணு."

அதற்குப் பிறகுதான் அவர் வந்த காரியத்துக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, வீட்டில் நோயாளி இருப்பது போலக் கேட்டார்: "ஆனா ரெண்டு மாசமா மகசூல் கொறஞ்சுபோச்சுங்க அக்கா. பாப்பா தனியாவே படிக்க ஆரம்பிச்சுட்டாளா?"

அந்த நிலையிலும் எனக்குப் பெருமை வந்தது. "எந்தப் புத்தகம் குடுத்தாலும் படிக்கறா" என்றேன்.

"அதானுங்க. எழுத்து வந்துருச்சுன்னா பிழை வத்திப்போயிரும். எல்லா ஊட்லயும் இதே கதைதான்." எழுந்து அலமாரியைப் பார்த்தார். "படம் போட்டதெல்லாம் இருக்கட்டும். எழுத்து இருக்கறத நான் வண்டில ஏத்திக்கறேன். மண்ணு இன்னும் ரெண்டு மூட்ட எறக்கச் சொல்றேன். நூலு, ஓல, பனங்கொட்ட, எது வேணும்னாலும் கேளுங்க. நல்லா எளிமையா இருக்கட்டுமுங்க. படிப்பு மட்டும் வேண்டாம்."

"படிப்பு வேண்டாம்னா அப்பறம் இது என்ன தம்பி வீட்டுக்கல்வி?"

"ஊடு இருக்குதுங்களே அக்கா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

புத்தகங்களை மார்போடு அணைத்து எடுத்துப் போனார். கடைசியாக வாசலில் நின்று இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பாப்பா எது சொன்னாலும் திருத்தக் கூடாது. இரண்டு, அடுத்த தடவை வரும்போதும் மகசூல் ஏறவில்லை என்றால் விலக்கு முடிந்துவிடும், அவரே கிளியைக் கொண்டுவந்து அவள் காதில் வைக்க வேண்டியிருக்கும். "எனக்கே மனசு கேக்காதுங்க அக்கா. அதனாலதான் சொல்றேன்."

அங்கிருந்து பக்கத்து வீட்டு அம்சவேணி வீட்டுக்குள் நுழைந்தார். அம்சவேணிக்கு முகிலினி என்று பத்து வயதுப் பெண். நல்ல உயரம், என் தோளுக்கு வந்துவிட்டாள். அவர்களுக்கும் விவரம் தெரிந்திருக்காது, எச்சரிக்க வேண்டும் என்று நினைத்து அவர் பின்னாலேயே ஓடினேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முகிலினி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கையில் ஒரு துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "மாமா, என்த பாப்பா துன்னவே மாத்தேங்குது. அதுக்கு வயித்துல பூத்து பூத்திருக்குது. தாவி காணோம்." விரலை வாயில் வைத்துக்கொண்டாள். எச்சில் முழங்கை வரை வழிந்தது.

"ஆகா, வயித்துல பூட்டு பூட்டியிருக்குதா!" மகிழ்நன் கை தட்டினார். அம்சவேணி அடுப்படி நிலையில் நின்று மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

அவர் வண்டி கிளம்பிய சத்தம் கேட்டதும் முகிலினி எழுந்து வாசலுக்கு வந்தாள். திட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி நின்று, பாவாடையைத் தட்டிவிட்டு, முழங்கையைத் துடைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"வாங்க அத்த" என்றாள், தன் சொந்தக் குரலில். பெரிய மனுஷிக் குரல். "நான் இன்னும் ரெண்டு யோசிச்சு வெச்சிருந்தேன். அந்தாளு ஒண்ணக் கேட்டதும் கெளம்பிட்டாரு."

அம்சவேணியும் பின்னாலேயே ரோட்டுக்கு வந்தாள், அடுக்ககத்துப் பிள்ளைகள் யாரும் அங்கே இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன பூங்கோத, அப்படிப் பாக்கற? உனக்கு இன்னிக்குத்தான் தெரியுமா? எனக்கு மூணு வருசமாத் தெரியும்."

"அம்சா, பத்து வயசுப் புள்ள..."

"பத்து வயசுப் புள்ளதான். புஸ்தகம் எல்லாத்தையும் அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கறேன். சத்தமில்லாம படிக்கறா, கணக்குப் போடறா. ஊட்டுக்குள்ள கொழந்தையாட்டப் பேசறா. பேசுனாத்தான் காது காலியா இருக்கும். உனக்கு வேற வழி தெரிஞ்சாச் சொல்லு, நானும் செய்யறேன்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அந்த எச்சில் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் என் கையையே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

வீட்டுக்குள் சுவர் கேட்கும். ரோட்டுக்குப் போனால் அடுக்ககத்துப் பிள்ளைகளின் கிளிகள் கேட்கும். தண்டபாணியும் நானும் கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் காதோடு காதாகப் பேசிக்கொண்டோம்.

"கிளி மாட்டுனாலும் போயிருது, இங்க இருந்தாலும் போயிருது" என்றார். "இங்க இருந்தா நம்ம புள்ள பேசறத மொதல்ல நம்மளாவது கேக்கறோமில்ல அம்மிணி. அப்பறம் ஊரு கேட்டுட்டுப் போகட்டும்."

"கோழிய மாதிரி. முட்ட போடறத மொதல்ல நம்ம பாக்கறோம்."

"நீ எதையும் அசிங்கமாவே பாக்கற."

"அசிங்கமா இருக்கறத வேற எப்படிங்க பாக்கறது? ஒரு சொட்டுக்கூட அவங்களுக்குக் குடுக்கமாட்டேன். பாத்துக்கிட்டே இருங்க."

மறுநாள் காலையிலிருந்து தும்பை சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்தினேன்.

குளித்துவிட்டு வந்து பழைய சட்டையை மாட்டப் பார்த்தாள். கை நுழையவில்லை. "அம்மா, இந்தச் சட்ட கொழந்தையாயிருச்சு" என்றாள். வேறொரு நாளாக இருந்தால் அவளை அள்ளி எடுத்திருப்பேன். "சட்ட கொழந்தையாகாது. சின்னதாயிருச்சுன்னு சொல்லு" என்றேன். சுவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

பானையின் வெளிப்புறம் நீர் முத்து முத்தாக நின்றது. "தண்ணிக்கு வேர்க்குது." "வேர்க்காது. ஈரக்காத்து குளுந்து வெளிய படியுது. எங்க, சொல்லு."

செருப்பு கவிழ்ந்து கிடந்தது. "செருப்பு குப்புறத் தூங்குது." "செருப்பு தூங்காது."

"கையில" என்ற வார்த்தையை அவள் அதற்கு முன்பே விட்டுவிட்டிருந்தாள். ஊரெல்லாம் எச்சில் படுத்திய வார்த்தை அவளுக்கு வேண்டாமாம்.

தண்டபாணி பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது ஐந்தாவது நாள் மோட்டார் சத்தத்தில் சொன்னார்: "அவங்களுக்குக் கெடைக்கக்கூடாதுன்னு நீ நம்ம புள்ள வாயத் தெச்சுட்டிருக்கற." எனக்கு மகிழ்நனின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க வேண்டும். அந்த வெறியில் இருந்தேன். விலக்கு போனால் கிளி வரும் என்று தெரியும். வந்தால் அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வீம்பு.

பிறகு ஒருநாள் ஓலை முடையும்போது தும்பை என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு கணம் நின்றாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா, ஓலை காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளிக்க வேண்டும்."

புத்தகத்தில் இருப்பது போல ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த நிறுத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்துப் பார்த்து நான் முகம் சுளித்த அதே நிறுத்தம், காதில் ஒன்றும் இல்லாத என் மகளிடம்.

"ஏஞ்சாமி இப்படிப் பேசற? எப்பயும் போலப் பேசு" என்றேன்.

அவள் ஓலையைக் கீழே வைத்தாள். "நீ கிளி மாதிரியே பண்றம்மா. கிளியாச்சும் காதுக்குள்ள மெதுவாச் சொல்லும். நீ எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்ற."

இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது. கிளி நிறுவனத்தின் மேல் பட்ட அருவருப்பு எல்லாம் அன்று திரும்பி என் மேலேயே வந்து அப்பியது. அன்றே திருத்துவதை நிறுத்திவிட்டேன். கெஞ்சினேன். நானே வேண்டுமென்று தப்புத் தப்பாகப் பேசிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படிச் சொல்லக் கூடாது அம்மா" என்றாள்.

இப்போது அவள் நான் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறாள். தானாக எதுவும் சொல்வதில்லை. அப்பாவிடமும் அப்படித்தான். சாப்பிட்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். அங்கே அவள் செய்த மண் பொம்மைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றிடம் பேசுகிறாள். முணுமுணுவென்று, நிறுத்தாமல், சில நேரம் தானே சிரித்துக்கொண்டு பேசுகிறாள். எனக்கு ஒலி கேட்கிறது, வார்த்தை கேட்பதில்லை. பக்கத்தில் போனால் நின்றுவிடுகிறது.

"என்ன கண்ணு சொன்ன?"

"ஒன்றுமில்லை. பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன்."

போன வாரம் மகிழ்நன் வந்தார். கிளியோடு வருவார் என்று எதிர்பார்த்து நின்றேன். கையில் கிளி இல்லை, ஒரு கூடை பழம் இருந்தது.

"பிரமாதமுங்க அக்கா! மகசூல் எங்கயோ போயிருச்சு. மொதல்ல நீங்க திருத்தறீங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயமாயிருந்துது. அப்பறம் பாத்தா, சும்மா கொட்டுது. மண்ணுத் தரைக்குப் பக்கத்துல படுத்துப் பேசறாளா, அத்தன தெளிவு! எப்படியோ விட்டுப் புடிச்சுட்டீங்க. விலக்குக்கு இனி ஒரு கொறையும் இல்ல."

"தம்பி, என்ன சொல்றா அவ?"

"ஏனுங்க?"

"பொம்மைககிட்ட என்ன பேசறா? எனக்குச் சொல்லமாட்டேங்கறா. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவருக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது. "அது எடுத்ததுக்கப்பறம் நிறுவனத்தோடதாயிருதுங்க அக்கா. வெளிய போறதுக்கு முந்தி யாருகிட்டயும் சொல்லக் கூடாது. போன பொறவு எல்லா ஊட்லயும் கேக்கலாமுங்க." என் கண்ணைப் பார்க்காமல் கூடையைத் திட்டில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லா வீட்டிலும் கேட்கலாம். எங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்க முடியாது. இங்கே கிளி கிடையாது. அந்த அறை விழுந்த பிறகு அதிரனை அவன் கிளி வேலிப் பக்கமே விடுவதில்லை. மற்றப் பிள்ளைகளும் என்னைக் கண்டால் தள்ளித்தான் போகிறார்கள்.

அதனால் கிளி வைத்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்களே, இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கியதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள், அது எனக்குக் குமட்டுகிறது. இப்போதும் குமட்டுகிறது. ஆனால் எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த மாதம் உங்கள் பிள்ளை திடீரென்று ஏதாவது தப்பாக, அழகாகச் சொல்லியிருக்கும். நீங்கள் சிரித்து, இரண்டு பேரிடம் சொல்லியிருப்பீர்கள். எறும்பைப் பற்றியோ, மழையைப் பற்றியோ, எதைப் பற்றியோ. அம்மாவைப் பற்றிக்கூட இருக்கலாம். அது என் மகள் கட்டிலுக்கு அடியில் சொன்னதாக இருக்கும். சொன்னதைச் சொன்னபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் எனக்கு எழுதுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலை அடிவாரம், இயல்வழிக் குடியிருப்பு, தும்பையின் அம்மா பூங்கோதை என்று போட்டால் வந்து சேரும்.

உங்கள் பிள்ளை என்ன சொன்னது? தயவுசெய்து பதில் போடுங்கள்.